பள்ளிக்கூடம் இருந்தும் படிக்காத பிள்ளைகள்

குழந்தைத் தொழிலாளர் என்றதும் நாம் சிவகாசியைச் சொல்வோம். "நல்லவேளை, சிங்கப்பூரில் அப்படி இல்லை" என்று மனத்தைத் தேற்றிக்கொள்வோம். இன்று இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரு காலத்தில் இங்கும் இருந்தது. நம் பாட்டன் பாட்டிமாரில் பலர் அப்படித்தான் வளர்ந்தார்கள். அந்தப் பழைய கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்கள் மலாயாவில் மட்டுமல்ல, சிங்கப்பூரின் நீ சூன், செம்பவாங், மண்டாய் வட்டாரங்களிலும் இருந்தன. கங்காணிகள் தமிழகத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் கொண்டுவந்தார்கள். தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு. தகப்பன் தன் நிரையில் பால்மரம் வெட்டுவார். பிள்ளைகள் கூடவே போய் மங்கு துடைப்பார்கள், ஒட்டுப்பால் சேர்ப்பார்கள், புல் பிடுங்குவார்கள். நிர்வாகத்துக்கு அது மலிவான உழைப்பு. பெற்றோருக்கோ அந்தச் சில காசு அரிசிக்கு உதவும். மூத்த பெண் பிள்ளையோ தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள லயத்திலேயே நின்றுவிடுவாள். அவளுக்குக் கூலியும் இல்லை, படிப்பும் இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. ஓர் இனத்தைச் சேர்ந்த 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் தோட்டத்தில் இருந்தால், முதலாளி பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். கொட்டகை போட்டார்கள், கரும்பலகை வைத்தார்கள். பல இடங்களில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். ஆனால் பிள்ளையை அனுப்பியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதே வயதுப் பிள்ளை வேலைக்குப் போவதும் நின்றுவிடவில்லை. பள்ளிக்கூடமும் பால்வெளியும் ஒரே பிள்ளையைக் கூப்பிட்டால், பசித்த வீடு பிள்ளையை எங்கே அனுப்பும்?

நகரத்துக் கதை வேறு மாதிரி. மார்க்கெட் ஸ்திரீட் செட்டியார் கிட்டங்கிகளுக்கு ஊரிலிருந்து சிறுவர்கள் 'பெட்டியடிப் பையன்'களாக வந்தார்கள். எடுபிடி வேலை செய்துகொண்டே கணக்கு பழகினார்கள். சிலர் பிற்காலத்தில் நன்றாக முன்னேறினார்கள். ஆனால் அம்மா முகம் காணாமல் கழிந்த வருடங்களை எந்தப் பேரேட்டில் எழுதுவது? சீனர் வீடுகளில் 'மூய் சாய்' என்ற பெயரில் விற்கப்பட்ட சிறுமிகள் வேலை செய்தார்கள். அவர்களைப் பதிவு செய்ய 1932இல்தான் சட்டம் வந்தது. வறுமைக்கு இன பேதம் கிடையாது, நேயர்களே.

அரசாங்கத்துக்காகக் காத்திராமல் நம்மவர்களே முயன்றதையும் மறக்கக்கூடாது. ராமகிருஷ்ணா மிஷன் நோரிஸ் சாலையில் பள்ளிகள் நடத்தியது. 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி கல்வியின் தேவையை ஓயாமல் எழுதினார். போர் முடிந்த கையோடு, 1946இல், கடையநல்லூர் மக்கள் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை எழுப்பினார்கள். வசதி படைத்தவர்கள் கட்டிய பள்ளியல்ல அது. கடையிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள் தங்கள் பிள்ளைகளாவது படிக்கட்டும் என்று எழுப்பியது.

1947இன் பத்தாண்டுக் கல்வித் திட்டம் தாய்மொழியில் இலவசத் தொடக்கக் கல்வி என்ற கொள்கையை வகுத்தது. 1968இன் வேலைவாய்ப்புச் சட்டம் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதற்கு வரம்பு விதித்தது. இன்று 13 வயதுக்குக் குறைந்த பிள்ளையை எவரும் வேலைக்கு அமர்த்த முடியாது. 2000இல் நிறைவேறிய கட்டாயக் கல்விச் சட்டம் 2003 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. பிள்ளையைத் தொடக்கப்பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ விதிக்கலாம். 1923இல் முதலாளிக்கு மட்டும் இருந்த கடமை, எண்பது ஆண்டுகள் கழித்துப் பெற்றோருக்கும் வந்து சேர்ந்தது.

ஆனால் தண்டனை மட்டும் போதுமா? தமிழகத்தில் காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கியது ஏன்? பசித்த வயிற்றோடு பிள்ளை படிக்காது, பிள்ளையின் கூலியை நம்பும் வீடு அதைப் பள்ளிக்கு அனுப்பாது என்பதை அவர் அறிந்திருந்தார். கட்டடமும் சட்டமும் வேண்டும். அவற்றோடு அந்த வீட்டு அடுப்பும் எரிய வேண்டும்.

2024 நிலவரப்படி உலகில் 13 கோடியே 80 லட்சம் குழந்தைத் தொழிலாளர்கள் இருப்பதாக அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் கணக்கிட்டுள்ளன. அந்தப் பிள்ளைகள் யாரோ எவரோ அல்லர். மங்கு துடைத்த நம் பாட்டியும் ஒரு நாள் அந்தக் கணக்கில் இருந்தவர்தான்.

உங்கள் புளோக்கில் ஒரு பிள்ளை அடிக்கடி பள்ளிக்குப் போகாமல் இருந்தால், "சோம்பேறி" என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டில் என்ன கஷ்டம் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். 1991இல் தொடங்கிய சிண்டா போன்ற அமைப்புகள் உதவக் காத்திருக்கின்றன. வழி காட்டுவது அண்டை வீட்டாரின் கடமை.