யாருடைய இரவு?

வெள்ளிக்கிழமை மாலையானால் திண்டிவனம் சாலையில் வரும் சென்னை வண்டிகள் கோரிமேட்டைத் தாண்டித்தான் புதுவைக்குள் நுழைகின்றன. மலிவான மது, கடற்கரை, மஞ்சள் சுவர் வைத்த பிரெஞ்சு வீதிகள்: 'புதுவையின் இரவு' என்றால் இன்று இதுதான். 1948இல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தபோதும், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இங்கே கடைகள் திறந்தே இருந்தன. அந்தப் பேர் இன்னும் போகவில்லை.

இந்த மண்ணுக்கு இன்னொரு இரவும் உண்டு. அது சேரியின் இரவு.

பிரெஞ்சுக்காரன் கால்வாயை நடுவில் வைத்து வெள்ளை நகரம், கருப்பு நகரம் என்று பிரித்தான். அந்தக் கருப்பு நகரத்திலும் நமக்கு இடமில்லை, சேரி வெளியேதான். 1745இல் புதுவை மாதா கோவிலுக்குள்ளேயே பறையர்களைப் பிரித்து ஒரு சுவர் நின்றதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சொல்கிறது. நம் ஆட்கள் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். அம்பேத்கர் பிறப்பதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது.

பகல் முழுக்க பண்ணைக்குச் சொந்தம். இரவு மட்டும்தான் நம்முடையது. கூத்தும் பாட்டும் ஒப்பாரியும் அந்த இரவில்தான் வளர்ந்தன. ஆனால் பறை நம் கலையாக மட்டும் இருக்கவில்லை. ஊர்க்காரர் சாவுக்கு அடித்தே தீரவேண்டிய அடிமைத் தொழிலாகவும் இருந்தது. அதனால்தான் பக்கத்துத் தென்னார்க்காட்டில் எல். இளையபெருமாள், பறையடிக்க மாட்டோம் என்று மக்களைத் திரட்டினார். அந்த மறுப்பை மறந்துவிட்டு இன்று பறையை 'பாரம்பரியம்' என்று மேடையில் கொண்டாடுவது பாதி வரலாறுதான்.

மீதி வரலாற்றுக்குப் புதுவையே சாட்சி. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த கே.ஏ. குணசேகரன், இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலை ஊர் ஊராக இரவுக் கூட்டங்களில் பாடிப் பரப்பியவர். 1990களில் அவர் எழுதிய 'பலி ஆடுகள்' தலித் அரங்குக்கு வழி திறந்தது. 'விடுதலைக்குரல்' குழுவோடு பாடித் திரிந்த தலித் சுப்பையாவும் புதுவையில் வாழ்ந்தவர்தான். இவர்கள் கையில் பறை ஏவலுக்கு அடிக்கும் கருவியாக இல்லை, கேள்வி கேட்கும் கருவியானது.

அந்த வழியில்தான் 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து வந்தது. சாவு வீட்டு இரவுகளில் பாடப்பட்ட கானா, பல்லாயிரம் பேர் முன்னால் ராப், ராக் இசையோடு நின்றது. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவை இசைவாணி அங்கே பாடினார். இரவு பெண்களுக்கும் சொந்தம் என்று சொல்ல அதுவே போதும்.

1920களில் நியூயார்க் ஹார்லெமின் காட்டன் கிளப்பில் கருப்பர்கள் பாடினார்கள், ஆடினார்கள். கேட்க உட்கார்ந்தவர்கள் வெள்ளையர்கள் மட்டும். கலை வேண்டும், கலைஞனின் சாதிசனம் வேண்டாம். நம் ஊர்ச் சொகுசு விடுதியில் பறைக்குழுவை வரவேற்பு நிகழ்ச்சிக்கு அழைத்து, வாசித்து முடிந்ததும் பின்வாசல் வழியாக அனுப்புவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சட்டமும் இரவைப் பங்கு போட்டுத்தான் வைத்திருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய அரங்கு, விருந்து மண்டபங்களின் உள்ளே விதிவிலக்கு உண்டு. மண்டபம் இல்லாத சேரித் தெருவில் விடியவிடிய நடக்கவேண்டிய கூத்துக்கு இல்லை. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் 15 நாள்வரை நள்ளிரவு 12 மணிவரை அரசு அனுமதி தரலாம் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அந்த 15 நாளில் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு எத்தனை, ஏப்ரல் 14க்கு எத்தனை?

இந்தக் கேள்வியைப் புதுவை அரசிடம் மனுவாகவே கேட்போம். சுற்றுலாவுக்குத் திறந்திருக்கும் இரவு, சேரிக்கும் திறக்கட்டும். நம் பாட்டை நம் தெருவில், நம் நேரத்தில் பாடுவது சலுகை அல்ல, உரிமை.

ஜெய்பீம்.