தொலைந்து போன மூலைக்கற்கள் - மரத்தடி சாட்சியும் மென்பொருள் கணக்கும்

அமெரிக்காவின் ஒஹாயோ, பென்சில்வேனியா மாநில எல்லையில், ஈஸ்ட் லிவர்பூல் என்ற ஊருக்குப் பக்கத்தில் சாலையோரமாக ஒரு நினைவுத்தூண் நிற்கிறது. அந்த நாட்டின் பொதுநிலங்களை அளக்க ஆரம்பித்த புள்ளி அங்கிருந்து 1,112 அடி தெற்கே இருக்கிறது என்கிறது அதிலுள்ள வாசகம். தெற்கே போனால் புள்ளி இருக்காது, ஒஹாயோ ஆறுதான் இருக்கும். முதல் புள்ளியே தண்ணீருக்குள் போய்விட்டது!

முதல் புள்ளிக்கே இந்தக் கதி என்றால், அதைத் தொடர்ந்து நடப்பட்ட எண்ணற்ற மூலைகளின் கதி என்ன? அவற்றைத் தேடிக் கண்டுபிடிப்பது ஒரு தனித் தொழில். இன்று அதற்குக் கணினி மென்பொருளும் துணை நிற்கிறது.

கடனில் பிறந்த அளவை

சுதந்திரப் போர் முடிந்தபோது அமெரிக்க அரசிடம் கையில் காசு இல்லை, கழுத்து வரை கடன். இருந்த ஒரே சொத்து மேற்கே கிடந்த நிலம். (அது ஏற்கனவே செவ்விந்தியப் பழங்குடியினர் வாழ்ந்த நிலம் என்பது தனிச் சோகம்.) விற்க வேண்டுமானால் முதலில் அளக்க வேண்டும். 1785-ல் நிலச் சட்டம் வந்தது. 6 மைலுக்கு 6 மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் 1 மைல் சதுரமாக 36 செக்‌ஷன்கள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். குறைந்தபட்ச விலை ஏக்கருக்கு 1 டாலர். 16-ம் எண் செக்‌ஷன் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கீடு. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று தாமஸ் ஹட்சின்ஸ் அளவையைத் தொடங்கினார்.

அளவுகோல் கன்டர் சங்கிலி. எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 1620-ல் அறிமுகப்படுத்தியது. 66 அடி நீளம், 100 கண்ணிகள். 80 சங்கிலி சேர்ந்தால் 1 மைல், 10 சதுரச் சங்கிலி சேர்ந்தால் 1 ஏக்கர். நம் ஊரில் "அஞ்சு சென்ட் மனை" என்கிறோமே, அந்த சென்ட்டும் இதே சங்கிலியின் பிள்ளைதான். 1,000 சதுரக் கண்ணிதான் 1 சென்ட், அதாவது 435.6 சதுர அடி.

மூலைகள் எப்படித் தொலைந்தன?

காட்டில் கல் கிடைத்தால் கல், இல்லாவிட்டால் மரக்கட்டை. அதை மூலையில் நட்டு, பக்கத்தில் உள்ள மரங்களில் பட்டையைச் செதுக்கி அடையாளம் வெட்டுவார்கள். எந்த மரம், எந்தத் திசை, எத்தனை கண்ணி தூரம் என்று களக்குறிப்பில் எழுதுவார்கள். மரமே இல்லாத புல்வெளியில் குழி தோண்டி மண்மேடு எழுப்புவார்கள். சில இடங்களில் அடியில் கரியைப் புதைப்பார்கள், கரி மக்காது என்பதால்.

பிறகு கட்டை உளுத்தது, மரம் வெட்டப்பட்டது, கலப்பை மண்மேட்டைச் சமமாக்கியது, சாலை போட்டவர்கள் கல்லைப் புரட்டினார்கள். இவை இயற்கையாக நேர்ந்தவை. மோசடியாலும் பல மூலைகள் இல்லாமல் போயின. சர்வேயர்களுக்கு அன்று மைல் கணக்கில் கூலி. எத்தனை மைல் அளந்ததாகக் கணக்குக் காட்டுகிறார்களோ அத்தனை மைலுக்குப் பணம். கலிஃபோர்னியாவில் ஜான் பென்சன் என்பவரின் கூட்டம் 1880-களில் இதில் பேர்போனது. போகாத இடத்துக்குப் போனதாகவும், நடாத கல்லை நட்டதாகவும் குறிப்பு எழுதிப் பணம் வாங்கினார்கள். கடைசியில் 1910-ல் ஒப்பந்த முறையே ஒழிக்கப்பட்டு, சம்பளம் வாங்கும் அரசு சர்வேயர்கள் வந்தார்கள். வேலையைச் சரிபார்க்காமல் அளவுக்கு மட்டும் கூலி கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

சட்டம் சொல்வது

1805-ல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. முதல் சர்வேயர் நட்ட மூலைதான் சரியான மூலை. அவர் சங்கிலி பிசகியிருந்தாலும், திசைகாட்டி கோணியிருந்தாலும் அதுதான் எல்லை. காரணம், அந்தக் கல்லை நம்பித்தான் ஒருவர் நிலம் வாங்கி, வேலி போட்டு, வீடு கட்டியிருக்கிறார். கணக்கைத் திருத்துகிறேன் என்று கல்லை நகர்த்தினால் ஊரே நகர வேண்டும்.

ஆகவே மூலைகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். கண்ணால் காணக் கிடைப்பது முதல் வகை. கல் போய்விட்டாலும் சாட்சி மரத்தின் அடிக்கட்டை, பழைய வேலி, பக்கத்துக்காரர் வாக்குமூலம் இவற்றால் இடத்தை நிறுவ முடிந்தால் அது அழிந்த மூலை. எந்தச் சாட்சியும் இல்லாவிட்டால் மட்டுமே அது தொலைந்த மூலை. தொலைந்த மூலைக்குத்தான் கணக்கு.

அந்தக் கணக்கு வணிகவியல் படிப்பவர்களுக்குப் பழக்கமானதுதான். கூட்டாளிகள் லாப நட்டத்தைப் பங்கு விகிதப்படி பிரிப்பது போல! பழைய குறிப்பில் இரண்டு மூலைகளுக்கு இடையே 80 சங்கிலி, அதாவது 5,280 அடி. நடுவில் 40-வது சங்கிலியில் இருந்த கல்லைக் காணோம். இன்று அளந்தால் மொத்தம் 5,300 அடி வருகிறது. 20 அடி கூடுதல். பழைய சங்கிலி தேய்ந்து நீண்டிருக்கும். அந்த 20 அடி ஒருவருக்கே போகாது, ஆளுக்குப் பாதி. ஆக, கல்லின் இடம் 2,650 அடியில். நான்கு பக்கமும் கோடு போகும் மூலையானால் வடக்கு-தெற்கு ஒரு விகிதம், கிழக்கு-மேற்கு இன்னொரு விகிதம் என இரண்டு கணக்கு.

மென்பொருள் வந்த பிறகு

முன்பு இதைக் கையால் போட நாட்கணக்கில் ஆகும். நில மேலாண்மை அமைப்பு என்ற அரசுத் துறை, மெயின் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இதற்காகவே மென்பொருள் உருவாக்கியது. பழைய குறிப்பின் திசையையும் தூரத்தையும் உள்ளிட வேண்டும். கண்டெடுத்த மூலைகளை ஜிபிஎஸ்ஸில் அளந்து சேர்க்க வேண்டும். பழைய சர்வேயரின் சங்கிலி எவ்வளவு நீளம், திசைகாட்டி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்தது என்ற அவருடைய பழக்கமே இந்த ஒப்பீட்டில் வெளிப்பட்டுவிடும்! பிழைகளைப் பரப்பிச் சமன் செய்ய உதவும் மீச்சிறு வர்க்க முறையை லெஜாண்டர் வெளியிட்டதும் அதே 1805-ல்தான்.

மென்பொருள் தரும் விடையை வைத்து இரண்டு காரியம் செய்யலாம். உடனே அங்கே புதுக்கல் நடலாம். அல்லது அங்கே போய் மண்வெட்டியால் மெல்லத் தோண்டிப் பார்க்கலாம். நல்ல சர்வேயர் இரண்டாவதைச் செய்வார். கரித்துண்டோ, மக்கிய கட்டையின் கறையோ சில அடி தள்ளிக் கிடைத்தால் கணினியின் விடை அங்கேயே ரத்து. கிடைத்த இடம்தான் எல்லை.

இதில் அவசரப்பட்டால் நட்டம் யாருக்கு? அரை மைல் நீள எல்லையில் ஒரு முனை மட்டும் 10 அடி விலகினாலே 13,200 சதுர அடி, நம் கணக்கில் 30 சென்ட், ஒரு விவசாயியிடமிருந்து இன்னொருவருக்குப் போய்விடும்.

மிச்சிகன் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி தாமஸ் கூலி 1881-லேயே இதைச் சொல்லிவிட்டார். கல் எங்கே இருந்திருக்க வேண்டும் என்பது சர்வேயரின் கேள்வி அல்ல, எங்கே இருந்தது என்பதுதான் கேள்வி என்பது அவர் வாதத்தின் சாரம். முதல் கேள்விக்குக் கணினி நொடியில் பதில் சொல்லும். இரண்டாவதற்கு மண்ணைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.