போடிமெட்டுப் பகுதியில் வெளிச்சுவர்ப் பூச்சு: பொருளும் செலவும்

வெளிச்சுவர்ப் பூச்சு என்பது வீட்டுச் சுவரின் வெளிப்பரப்பில் மண், சுண்ணாம்பு அல்லது சிமென்ட் கலவையை மெல்லிய அடுக்காகப் பூசும் வேலை. மழைநீர் சுவருக்குள் இறங்காமல் தடுப்பதும், செங்கலும் அதன் இடையிலுள்ள சாந்தும் அரிக்கப்படாமல் காப்பதும் இதன் முதன்மையான பயன்கள். தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரிலும், அதன் மேற்கே தமிழ்நாடு–கேரள எல்லையில் அமைந்த போடிமெட்டு மலைச்சரிவுகளிலும் இந்தப் பூச்சு மண், சுண்ணாம்பு, சிமென்ட் என மூன்று கட்டங்களைக் கடந்து வந்துள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் செலவின் இயல்பு மாறியது. மண்பூச்சுக்கு வீட்டாரின் உழைப்பு போதுமானதாக இருந்தது. சுண்ணாம்புப் பூச்சுக்கு விறகும் பல நாள் ஆள்கூலியும் வேண்டியிருந்தன. சிமென்ட் பூச்சுக்கு ரொக்கப் பணமும் வண்டி வாடகையும் தேவைப்படுகின்றன. ரொக்கம் குறைந்தவர்களின் வீடுகளில் முதலில் கைவிடப்படும் வேலையாக வெளிப்பூச்சு ஆனது இந்த மூன்றாம் கட்டத்தில்தான்.

இடமும் மழையும்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ளது. தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துவிடுவதால் ஊருக்கு வடகிழக்குப் பருவமழையே முக்கியமானது. அடிவாரத்தில் உள்ள முந்தலிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் போடிமெட்டு வருகிறது. கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலை இவ்வழியே செல்கிறது. மேட்டுக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்கள் தொடங்குகின்றன. மேட்டின்மேல் இரு பருவமழைகளும் படுகின்றன. மழை இல்லாத நாள்களிலும் மூடுபனி சுவரை நனைக்கிறது.

இதனால் ஒரே மாதிரியான சுவர் அடிவாரத்தில் ஒரு சிக்கலையும் மேட்டில் வேறொரு சிக்கலையும் தருகிறது. போடியில் வெயில் பூச்சை வேகமாக உலர்த்தி வெடிக்கச் செய்கிறது. மேட்டில் பூச்சு உலர்வதே கடினம். அங்கே மழைக்காற்று நேராக அறையும் பக்கத்துச் சுவர் மற்றச் சுவர்களைவிட விரைவில் பாசி பிடிக்கிறது.

மண்பூச்சு

மண்சுவரும் புல் அல்லது ஓலைக் கூரையும் கொண்ட வீடுகளில் வெளிப்பூச்சு என்பது செம்மண்ணைக் குழைத்துப் பூசி, சாணம் மெழுகுவதாக இருந்தது. வைக்கோல் துண்டுகளையோ உமியையோ மண்ணோடு சேர்த்து மிதித்துப் புளிக்கவிட்டால் பூச்சு வெடிப்பது குறையும். பொருளுக்குப் பணம் தேவையில்லை. ஆனால் மழை ஒவ்வோர் ஆண்டும் பூச்சைக் கரைத்துவிடுவதால் ஆண்டுதோறும் மெழுக வேண்டும். இந்த வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தனர். எந்தக் கணக்கிலும் எழுதப்படாததால் இதற்குச் செலவே இல்லை என்று தோன்றியது. உண்மையில் ஒவ்வொரு பொங்கலுக்கு முன்பும் பெண்களின் சில நாள் உழைப்பு சுவருக்குப் போனது.

மண்சுவரின் பாதுகாப்பு பூச்சில் மட்டும் இல்லை. தாழ இறங்கிய கூரையும் உயர்த்திக் கட்டிய திண்ணையும் மழைச் சாரல் சுவரில் படாமல் பார்த்துக்கொண்டன. பிற்காலத்தில் தட்டையான கான்கிரீட் கூரை வந்தபோது இறவாரம் மறைந்தது. கூரை செய்துவந்த காவலையும் பூச்சே செய்ய வேண்டியதாயிற்று.

சுண்ணாம்புக் காரை

நிலைத்து நிற்கும் கட்டடங்களுக்குத் தமிழகத்தில் சுண்ணாம்புக் காரையே பயன்பட்டது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு, நீர்விட்டு நீற்றி, மணலோடு சேர்த்து அரைப்பார்கள். வட்டமான பள்ளத்தில் மாடு இழுக்கும் கல் உருளையால் அரைப்பது வழக்கம். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலவையில் சேர்ந்தன; மெருகுப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்க்கப்பட்டது. மதுரையில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த திருமலை நாயக்கர் மகால் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்டு இவ்வகை மெருகு பெற்றது. செட்டிநாட்டு வீடுகளின் வழுவழுப்பான சுவர்களும் இதே மரபைச் சேர்ந்தவை.

சுண்ணாம்புப் பூச்சின் செலவில் கல்லின் விலை சிறிய பங்குதான். காளவாய்க்கான விறகு, அரைக்கும் மாடும் ஆளும், கலவை பதப்படும்வரை காத்திருக்கும் நாள்கள், அடுக்கடுக்காகப் பூசித் தேய்க்கும் கொத்தனார் கூலி ஆகியவையே பெரும்பங்கு. எனவே இது அரண்மனை, கோயில், சத்திரம், வணிகர் வீடு ஆகியவற்றின் பூச்சாக இருந்தது. எளிய வீடுகளுக்குச் சுண்ணாம்பு வெள்ளையடிப்பு மட்டுமே கிட்டியது.

தொழில்நுட்ப நோக்கில் சுண்ணாம்புக்கு ஒரு சிறப்பு உண்டு. அது நீராவியைக் கடத்தும். சுவருக்குள் புகுந்த ஈரம் பூச்சின் வழியே வெளியேறிவிடும். சுவர் சற்று அசைந்தாலும் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு பெரிதாக வெடிக்காது. ஈரம் மிகுந்த மலைப்பகுதிக்குப் பொருத்தமான இந்தக் குணங்கள் சிமென்ட் வந்தபின் மதிப்பிழந்தன.

சுமையும் பாதையும்

மலைச்சரிவில் எந்தக் கட்டடப் பொருளின் விலையும் அது ஏறிவரும் பாதையைப் பொறுத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூருக்கு வந்தது. டாப் ஸ்டேஷனை மூணாற்றோடு இணைத்த குண்டலைப் பள்ளத்தாக்கு ரயில்பாதை 1924ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்தது. மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் ரயில்பாதை 1928இல் திறக்கப்பட்டது. 2010இன் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக மூடப்பட்ட இந்தப் பாதையில் 2023 ஜூனில் போடிவரை மீண்டும் ரயில் ஓடியது.

இந்தப் பாதைகள் எல்லாம் முதலில் மலையின் விளைபொருளைக் கீழே இறக்கவே அமைந்தன. வீடு கட்டும் பொருள் மேலே ஏறுவது இரண்டாம் தேவையாகவே இருந்தது. சாலையோரத்தில் உள்ள போடிமெட்டுக்கு இன்று லாரி ஏறுகிறது. சாலை எட்டாத மலைக் குடியிருப்புகளுக்குக் கழுதை, குதிரை அல்லது தலைச்சுமைதான் வழி.

சிமென்டும் அனுமதிச் சீட்டும்

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாந்து சிமென்டுக்கு 1824இல் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் சிமென்ட் தயாரிக்கும் முயற்சி 1904இல் சென்னையில் தொடங்கியது, அது நிலைக்கவில்லை. போர்பந்தரில் 1914இல் தொடங்கிய உற்பத்தியே நிலைபெற்றது. தமிழகத்தில் 1930களில் கோவை மதுக்கரையிலும், 1949இல் திருநெல்வேலி அருகே தாழையூத்திலும், 1960களின் தொடக்கத்தில் விருதுநகர் அருகிலும் ஆலைகள் இயங்கத் தொடங்கின. தென்மாவட்டங்களுக்குச் சிமென்ட் அருகிலேயே கிடைக்கும் பொருளானது.

ஆனால் அருகில் ஆலை இருந்தும் எளிதில் சிமென்ட் வாங்க முடியாத காலம் நெடியது. சிமென்டின் விலையும் பகிர்வும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. வீடு கட்டுபவர் அதிகாரிகளிடம் விண்ணப்பித்து அனுமதிச் சீட்டு பெற வேண்டும். கிடைத்த மூட்டைகள் அடித்தளத்துக்கும் தளத்துக்கும் போக, பூச்சுக்கு மிஞ்சுவது அரிது. மிஞ்சாதவர் கள்ளச்சந்தை விலை கொடுத்தார், அல்லது சுண்ணாம்போடு நிறுத்திக்கொண்டார். மகாராஷ்டிரத்தில் சிமென்ட் ஒதுக்கீடு பற்றிய வழக்கின் தீர்ப்பையடுத்து 1982 ஜனவரியில் முதலமைச்சரே பதவி விலகினார் என்பது அந்தச் சீட்டின் மதிப்பைக் காட்டும். 1982 பிப்ரவரியில் கட்டுப்பாடு ஓரளவு தளர்த்தப்பட்டு, 1989 மார்ச்சில் முழுவதும் நீக்கப்பட்டது. அதன்பின் சிமென்ட் பூச்சு சிற்றூர் வீடுகளுக்கும் பரவியது. காளவாய்களும் காரை அரைக்கும் செக்குகளும் ஓய்ந்தன. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களும் குறைந்தனர்.

ஒரு சிறு வீட்டின் கணக்கு

தமிழகக் கட்டடத் தொழிலில் 100 சதுர அடியை ஒரு ‘சதுரம்’ என்றும், 100 கன அடி மணலை ஒரு ‘யூனிட்’ என்றும் குறிப்பிடுவர். 18 அடிக்கு 20 அடி அளவும் 10 அடி உயரமும் கொண்ட 360 சதுர அடி வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அதன் சுற்றளவு 76 அடி. கதவு, சன்னல்களைக் கழிக்காவிட்டால் வெளிச்சுவர் 760 சதுர அடி, அதாவது ஏழரைச் சதுரத்துக்குச் சற்று அதிகம்.

இதை 15 மில்லிமீட்டர் கனத்தில், ஒரு பங்கு சிமென்டுக்கு ஐந்து பங்கு மணல் என்ற கலவையால் பூசுவதாகக் கொள்வோம். செங்கல் இடுக்குகளுக்கும் சேதாரத்துக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 50 கிலோ மூட்டை சிமென்ட் 8 வேண்டும்; மணல் ஏறத்தாழ 50 கன அடி, அதாவது அரை யூனிட் வேண்டும். ஒரு வீட்டின் மொத்தச் சிமென்டோடு ஒப்பிட்டால் இது பெரிய அளவன்று.

செலவை உயர்த்துவன மற்றவை. மணலைச் சலிக்கவும் கலவை சுமக்கவும் சித்தாள் வேண்டும். சவுக்கு மரத்தாலோ இரும்புக் குழாயாலோ சாரம் கட்ட வேண்டும். கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்து, ‘புல்மார்க்’ எனப்படும் அளவுப் பொட்டுகளை வைத்து, மட்டப்பலகையால் இழுத்து, மணியாஸ் கட்டையால் தேய்க்க வேண்டும். செங்கல்லும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில் கம்பிவலை அடிக்காவிட்டால் அந்தக் கோட்டிலேயே வெடிப்பு விழும். சுவர் கோணலாக இருந்தால் அதை நேராக்கப் பூச்சின் கனம் கூடும். 15 மில்லிமீட்டர் 25 ஆனால் பொருள் மூன்றில் இரண்டு பங்கு அதிகமாகும். சுவர் கட்டும்போது மிச்சம் பிடித்த கூலி இவ்வாறு பூச்சில் திரும்பிச் செலவாகிறது.

பூச்சு முடிந்தபின் குறைந்தது 7 நாள் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். போடி போன்ற வறண்ட அடிவாரத்தில், கோடையில், இந்தத் தண்ணீரும் விலைக்கு வாங்கும் பொருளாகிவிடுகிறது.

மலையில் கூடும் செலவு

மேற்சொன்ன 8 மூட்டைச் சிமென்டும் அரை யூனிட் மணலும் சேர்ந்து இரண்டரை டன்னுக்கு மேல் எடை கொண்டவை. லாரி செல்லும் இடத்தில் இது சிறு சுமை. சாலையற்ற குடியிருப்புக்கு 25 கிலோ வீதம் தலையில் சுமந்தால் நூறு நடைக்கு மேல் ஆகும். அங்கே பூச்சின் விலையைத் தீர்மானிப்பது ஆலையோ கடையோ அன்று, பாதை.

மணலும் மாறிவிட்டது. தமிழகத்தில் ஆற்றுமணல் குவாரிகளை 2003இல் அரசே ஏற்றது. ஆற்றுமணல் அரிதாகி விலை ஏறியபின் கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்டும், பூச்சுக்கென நுண்மையாகச் சலித்த பி-சாண்டும் வழக்கத்துக்கு வந்தன. இவற்றில் கல்மாவு அதிகமானால் பூச்சு தலைமுடி போன்ற மெல்லிய கோடுகளாக வெடிக்கும். அடிவாரத்தில் அது அழகுக் குறை. மேட்டில் அதே கோடு மழைநீருக்கு வாசல்.

ஈரம் உள்ளே புகுந்துவிட்டால் அடர்த்தியான சிமென்ட் பூச்சு அதை எளிதில் வெளியே விடாது. உள்சுவரில் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, வெள்ளை உதிரும். பழைய மண்சுவரின்மேலும் சுண்ணாம்புச் சுவரின்மேலும் வலுவுக்காகச் சிமென்ட் பூசும்போது இந்தச் சேதம் மிகுகிறது. உள்ளே இருக்கும் மென்மையான சுவரும் வெளியே இருக்கும் கடினமான ஓடும் ஒன்றாக அசைவதில்லை. பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழுகிறது. சிமென்டோடு சுண்ணாம்பும் சேர்ந்த கலவைப் பூச்சை இந்தியத் தர நிர்ணய விதிகள் ஏற்கின்றன. நடைமுறையில் அது அரிதாகிவிட்டது.

யார் வீட்டுச் சுவர்

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளர்களுக்குக் குடியிருப்பு தரும் கடமையை முதலாளியிடம் வைத்தது. 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தில் தேயிலை, காப்பி, ரப்பர், சிங்கோனாவோடு ஏலமும் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டது. 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேராவது வேலை செய்யும் தோட்டங்களுக்கு அது பொருந்தியது. ஆனால் ஏலத் தோட்டங்களில் சிறியவை பல. அவற்றின் தொழிலாளர்களில் பலர், குறிப்பாகப் பெண்கள், போடி வட்டார ஊர்களிலிருந்து நாள்தோறும் ஜீப்பில் மலையேறி மாலையில் திரும்புபவர்கள். லயத்தில் குடியிருப்பவரின் சுவரைப் பூச வேண்டியவர் தோட்ட உரிமையாளர். ஜீப்பில் திரும்புபவரோ தன் வீட்டுச் சுவரைத் தன் கூலியிலேயே பூசியாக வேண்டும்.

அந்தக் கூலி நிலைத்த வருமானம் அன்று. ஏலக்காய் விலை 2019 ஆகஸ்டில் ஏலம் ஒன்றில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2021–22இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. தோட்டத்தில் வேலை குறையும் ஆண்டில் தள்ளிப்போடத்தக்க செலவு எது என்று பார்த்தால், கூரையும் கதவும் இல்லை, வெளிப்பூச்சுதான்.

பூசாத சுவர்

அரசு வீட்டுத் திட்டங்களிலும் பூச்சு கடைசிக் கட்டத்தில் வருகிறது. 2011இல் அறிவிக்கப்பட்ட சூரியசக்தி பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2024–25இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். உதவித்தொகை வேலை நடக்க நடக்கத் தவணைகளாக வருவது. முந்தைய கட்டங்களில் செலவு மிஞ்சினால் கடைசி வேலையே அதை ஈடுகட்டுகிறது. முன்சுவர் மட்டும் பூசப்பட்டு, பக்கச்சுவர்கள் செங்கல்லாகவே நிற்கும் வீடுகளைச் சாலையோரங்களில் காணலாம்.

விலையைக் குறைக்கும் முயற்சிகளும் நடந்தன. 2015இல் நடைமுறைக்கு வந்த அம்மா சிமென்ட் திட்டத்தில் மூட்டை 190 ரூபாய்க்கு விற்கப்பட்டது. 2017இல் 28 விழுக்காடாக அமைந்த சிமென்ட் மீதான சரக்கு, சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைந்தது. எனினும் பூச்சில் சிமென்டின் பங்கு சிறியதாகையால், மூட்டை விலை குறைவதால் மட்டும் பூச்சு மலிவாகிவிடுவதில்லை.

பூச்சையே தவிர்க்கும் வழியை முன்வைத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1963 முதல் சில ஆண்டுகள் இடுக்கி மலைப்பகுதியின் வாகமண்ணில் வாழ்ந்த அவர், பின்னர் திருவனந்தபுரத்தில் பணியாற்றினார். கட்டடச் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பூச்சுக்குப் போகிறது என்பது அவர் வாதம். நல்ல செங்கல்லை ஒழுங்காக அடுக்கி, சாந்து இடுக்குகளைச் செம்மையாக நிரப்பி, இறவாரத்தை வெளியே நீட்டினால் சுவர் பூச்சின்றியே நிற்கும் என்று அவர் கட்டிக் காட்டினார். திட்டமிட்டுப் பூசாமல் விட்ட அந்தச் சுவரும், பணமின்றிப் பூசாமல் நின்ற சுவரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். முன்னதற்குத் தேர்ந்த செங்கல்லும் நீண்ட இறவாரமும் காவல். பின்னது பூச்சு வரும் என்று நம்பிக் கட்டப்பட்ட சுவர். அதன் இடுக்குகள் திறந்தே இருக்கும், கூரை வெளியே நீளாது.

அப்படி நிற்கும் சுவரில் ஒவ்வொரு மழையும் இடுக்குச் சாந்தைச் சிறிது கரைக்கிறது. ஓதம் உள்ளே இறங்குகிறது. சில ஆண்டுகள் கழித்துப் பூச வரும் கொத்தனார் முதலில் உதிர்ந்த இடுக்குகளைக் கொத்தி நிரப்ப வேண்டியிருக்கும், பூச்சின் கனத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். கையில் பணம் இல்லாததால் தள்ளிவைத்த வீட்டாரே அப்போது கூடுதலாகச் செலவிட நேர்கிறது.