திறந்த பற்கூழும் அதை மூடிய பொருள்களும்

சொத்தையைச் சுரண்டும்போதோ, அடிபட்டுப் பல் உடையும்போதோ உள்ளிருக்கும் மென்திசுவான பற்கூழ் சில நேரம் திறந்துவிடும். ஊசிமுனை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அதிலிருந்து ரத்தம் கசியும். அந்தத் திசுவை எடுத்துவிட்டு வேர் சிகிச்சை செய்வதா, மேலே மருந்து வைத்து மூடி உயிரோடு காப்பதா என்ற கேள்வி இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் பழையது.

மூடிக் காக்கும் முறையை முதலில் எழுதிவைத்தவராகக் கருதப்படுபவர், பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக்கின் பல் மருத்துவர் பிலிப் பாஃப். 1756இல் பெர்லினில் வெளியான நூலில், திறந்த கூழின் மேல் சிறு தங்கத் தகட்டை வைத்து மூடுவதை அவர் விவரித்தார். அடுத்த நூற்றாண்டில் எதை எதையோ வைத்துப் பார்த்தார்கள். சோளப் பாகில் சிட்டுக்குருவி எச்சத்தைக் குழைத்து மூடி 98 சதவீதம் வெற்றி கண்டதாக 1883இல் ஹன்டர் என்பவர் சொன்னது இன்றும் பல் மருத்துவ நூல்களில் மேற்கோளாக வருகிறது. வலி நின்றால் பல் பிழைத்தது என்பதே அன்றைய கணக்கு. கூழ் செத்தாலும் வலி நிற்கும் என்பதால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. 1922இல் ரெபெல் என்ற ஜெர்மன் ஆய்வாளர், திறந்த பற்கூழ் இழந்துவிட்ட உறுப்பே என்று எழுதினார்.

அதற்குள் மாற்று வந்துவிட்டிருந்தது. 1920இல் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் ஹெர்மன் கால்சியம் ஹைட்ராக்சைடைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். வெற்றிலைக்குத் தடவும் நீற்றுச் சுண்ணாம்பும் வேதியியல்படி இதுதான். ஆனால் மருத்துவத்தில் பயன்படுவது தூய்மையான வடிவம். இதன் காரத்தன்மை பி.எச். 12.5. பட்ட இடத்தில் கூழின் மேல்படலம் கருகும். அதற்குக் கீழே உயிரோடிருக்கும் செல்கள் கடினத் திசுவை உருவாக்கித் திறப்பை அடைக்கும். இந்த அடைப்புக்குப் பெயர் டென்டின் பாலம். சுண்ணாம்பிலும் குறை இருந்தது. அது பல்லோடு ஒட்டாது, நாளடைவில் கரையும். பாலத்திலும் நுண்துளைகள் இருந்ததை 1980களிலும் 90களிலும் நடந்த ஆய்வுகள் காட்டின.

பற்கூழைக் கொல்வது எது என்பதற்குத் தெளிவான விடை 1965இல் கிடைத்தது. அமெரிக்காவில் காகேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் எலிகளின் பற்கூழைத் திறந்து மருந்து எதுவும் வைக்காமல் விட்டார்கள். சாதாரண எலிகளின் கூழ் அழுகிச் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளிலோ, உணவுத்துணுக்குகள் அடைத்திருந்தும் கூழ் பிழைத்துத் தானே பாலம் கட்டிக்கொண்டது. இந்த வரலாற்றிலேயே முக்கியமான சோதனை இதுதான். ஆறும் திறன் கூழிலேயே இருக்கிறது. மேலே வைக்கும் பொருளின் முதல் வேலை, கிருமி நுழையாமல் இறுக அடைப்பது.

அந்த அடைப்பு கட்டடச் சிமெண்டிலிருந்து வந்தது. 1990களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் குழுவினர் போர்ட்லேண்ட் சிமெண்டை அடிப்படையாகக் கொண்டு எம்.டி.ஏ. என்ற பல் சிமெண்டை உருவாக்கினர். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பிஸ்மத் ஆக்சைடு சேர்த்தார்கள். ஈரத்தில் இறுகுவதே இதன் பெரிய வசதி. பல்லுக்குள் ஈரத்துக்குக் குறைவில்லை. இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடும் வெளிவருவதால் சுண்ணாம்பின் பலனும் கூடவே கிடைக்கிறது. ஆனால் முழுதாக இறுக ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் ஆகும். பல்லின் நிறத்தையும் மங்கச் செய்யும். பின்னர் பிரான்ஸிலிருந்து வந்த பயோடென்டின் 12 நிமிட அளவில் இறுகுகிறது. அதில் பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு சேர்த்திருப்பதால் நிறக்கேடும் குறைவு.

2013இல் வெளியான ஹில்டன் குழுவின் ஆய்வு சுண்ணாம்பையும் எம்.டி.ஏ.வையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. 376 நோயாளிகளை இரண்டு ஆண்டுவரை கவனித்ததில், தோல்வி விகிதம் சுண்ணாம்பில் 31.5 சதவீதம், எம்.டி.ஏ.வில் 19.7 சதவீதம் எனக் கணக்கிடப்பட்டது. விலை அதிகமென்றாலும் எம்.டி.ஏ. போன்ற கால்சியம் சிலிகேட் சிமெண்டே மேல் என்பதற்கு இது வலுவான சான்று. ஐரோப்பிய வேர் சிகிச்சைச் சங்கமும் 2019 அறிக்கையில் அதையே முதல் தேர்வாகச் சொன்னது. எந்தப் பொருளானாலும் எச்சில் படாமல் ரப்பர் திரை கட்டி, கிருமிநீக்கி நனைத்த பஞ்சை வைத்து ரத்தக் கசிவை நிறுத்திய பிறகே மூட வேண்டும். சில நிமிடங்களில் ரத்தம் நிற்காவிட்டால் வீக்கம் ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். அப்போது கூழின் ஒரு பகுதியையாவது வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.