களப்பெயர் முறைமையின் வரலாறு

இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்களைக் கொண்டே கண்டறிகின்றன. இவ்வெண் ஐ.பி. முகவரி எனப்படும். எண்களை நினைவில் வைப்பது மனிதருக்குக் கடினம் என்பதால் நாம் பெயர்களைத் தட்டச்சு செய்கிறோம். பெயருக்குரிய எண்ணைத் தேடித் தரும் ஏற்பாடே களப்பெயர் முறைமை, சுருக்கமாக டி.என்.எஸ். ஆகும். இதனை இணையத்தின் தொலைபேசி விவரத்திரட்டு என்று பலரும் விளக்குவதுண்டு. உண்மையில் அந்த உவமை டி.என்.எஸ்.ஸுக்கு முன்பிருந்த ஏற்பாட்டுக்கே கூடுதலாகப் பொருந்தும்.

ஒரே கோப்பு

இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட், 1969 அக்டோபர் 29 அன்று கலிபோர்னியாவில் இரண்டு கணினிகளுக்கிடையே முதற்செய்தியை அனுப்பியது. 1970களில் இப்பிணையத்திலிருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே உரைக்கோப்பில் எழுதப்பட்டன. அக்கோப்பின் பெயர் 'ஹோஸ்ட்ஸ்'. மென்லோ பார்க்கிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான பிணையத் தகவல் நடுவம் அதைப் பராமரித்தது. புதிய கணினியை இணைப்பவர்கள் அந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஊழியர்கள் அதைக் கோப்பில் சேர்ப்பார்கள். பிற இடங்களில் உள்ளோர் அவ்வப்போது அக்கோப்பைப் படியெடுத்துக்கொள்வார்கள்.

கணினிகள் நூற்றுக்கணக்கில் பெருகியபோது இது திணறியது. ஒரு வரி மாறினாலும் எல்லோரும் முழுக் கோப்பையும் மீண்டும் இறக்க வேண்டியிருந்தது. தொலைவிலிருந்த படிகள் பழையனவாயின. ஒருவர் ஒரு பெயரை எடுத்துவிட்டால் பிணையம் முழுவதிலும் வேறெவரும் அதை வைக்க இயலாது. 1983 சனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் டி.சி.பி./ஐ.பி. நெறிமுறைக்கு மாறியது. வெவ்வேறு பிணையங்களை இணைப்பது எளிதானது; சுமையும் கூடியது.

பொறுப்பைப் பிரித்தல்

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் போஸ்டெல், இச்சிக்கலைத் தம் சக ஆய்வாளர் பால் மொக்கபெட்ரிஸிடம் ஒப்படைத்தார். மொக்கபெட்ரிஸ் 1983 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 882, 883 ஆகிய இரு ஆவணங்களில் டி.என்.எஸ்.ஸை முன்வைத்தார்.

கோப்பை வேகமாக அனுப்புவது அவருடைய தீர்வு அன்று. கோப்பின் உரிமையையே பங்கிட்டார். பெயர்கள் ஒரு மரம்போல் அமைந்தன. ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு கிளை தரப்பட்டால், அக்கிளைக்குக் கீழுள்ள பெயர்களை அதுவே வைத்துக்கொள்ளலாம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆகவே இணையப் பெயரை வலமிருந்து இடமாகப் படிப்பதே சரி. தேடும் கணினி முதலில் மரத்தின் வேரான மூல வழங்கியிடம் கேட்கும். அதற்கு விடை தெரியாது, '.இன்' கிளையைக் கவனிப்பவர் யார் என்பதை மட்டும் சொல்லும். அந்த வழங்கி அடுத்த கிளையைக் காட்டும். கடைசியில் உரிய நிறுவனத்தின் வழங்கியே எண்ணைத் தரும். கிடைத்த விடை சிறிது காலம் சேமிக்கப்படுவதால், ஒவ்வொரு முறையும் வேர் வரை செல்ல நேர்வதில்லை.

.காம், .எடு, .கவ், .மில், .ஆர்க் ஆகிய உயர்நிலைக் களங்கள் 1984இல் அறிவிக்கப்பட்டன. சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் 1985 மார்ச் 15 அன்று முதல் .காம் பெயரைப் பதிவு செய்தது. நாடுகளுக்கு, பன்னாட்டுத் தர அமைப்பின் பட்டியலிலுள்ள ஈரெழுத்துக் குறியீடுகளே எடுத்துக்கொள்ளப்பட்டன. எது நாடு, எது நாடன்று எனத் தீர்மானிப்பது தம் வேலையன்று என்பது போஸ்டெலின் நிலைப்பாடு. இன்று வாசிக்கையில் மிகவும் தொலைநோக்கான முடிவாகத் தோன்றுகிறது.

உச்சியும் மொழியும்

கிளைகள் பிரிக்கப்பட்டாலும் வேர் ஒன்றே. அதை யார் ஆள்வது என்ற பூசல் 1990களில் முற்றியது. 1998இல் ஐகான் அமைப்பு தோன்றியது; அதே ஆண்டு அக்டோபரில் போஸ்டெல் காலமானார். மூல வழங்கிகளுக்குப் பதின்மூன்று பெயர்கள் உள்ளன. அவை பதின்மூன்று பெட்டிகள் என்று எண்ணிவிடக் கூடாது. உலகெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் அவற்றின் படிகள் இயங்குகின்றன.

நெடுங்காலம் களப்பெயர்களில் ஆங்கில எழுத்துகள், எண்கள், இணைப்புக்கோடு ஆகியவற்றுக்கு மட்டுமே இடமிருந்தது. 2003இல் பிறமொழி எழுத்துகளுக்கான விதிகள் வெளியாயின. 2010களில் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகிய தமிழ்க் களங்கள் வேரில் சேர்ந்தன. எனினும், உள்ளே அவை ஆங்கில எழுத்துகளாலான மாற்றுவடிவத்திலேயே பயணிக்கின்றன.

பழைய 'ஹோஸ்ட்ஸ்' கோப்பும் மறைந்துவிடவில்லை. அதே பெயரில் நம் கணினிகளில் இன்றும் இருக்கிறது. டி.என்.எஸ்.ஸிடம் கேட்பதற்கு முன் கணினி பொதுவாக அதைத்தான் முதலில் பார்க்கிறது.