சின்னமும் அதைச் சூழ்ந்த நிலமும்

ஒரு பழங்கட்டடத்துக்குச் சட்டம் அளிக்கும் காப்பு அதன் சுவரோடு நின்றுவிடுகிறதா, சுற்றியுள்ள மண்ணுக்கும் நீள்கிறதா என்னும் கேள்வி, உரோமானியர் பிரிட்டனில் எழுப்பிய ஹேட்ரியன் சுவரை முன்னிட்டுக் கூர்மையடைந்தது. அச்சுவர் செல்லும் கரும்பாறை முகட்டைச் சாலை ஜல்லிக்காக உடைக்க 1920களின் இறுதியில் முயற்சி நடந்தபோது, சுவரின் ஒரு கல்லையும் தொடாமலே அதன் நிலத்தோற்றத்தை அழித்துவிட முடியும் என்பது வெளிப்பட்டது. அதனால் 1931ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம், சின்னத்தைச் சூழ்ந்த பரப்பில் கட்டுமானத்தையும் அகழ்வையும் கட்டுப்படுத்தும் பாதுகாப்புத் திட்டங்களுக்கு இடமளித்தது.

மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், பெரும்பாலும் நூறாண்டு கடந்தவற்றையே சின்னமாகக் கருதியது. அதன் இடத்தைப் பிடித்து 2006 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த தேசிய மரபுடைமைச் சட்டம், 'தளம்' என்பதற்குள் கட்டடத்தோடு நிலம், தோட்டம், மரம் ஆகியவற்றையும் சேர்த்தது. ஆயினும் கோலாலம்பூரின் பழைய தெருக்களை நெடுங்காலம் காத்தது மரபுச் சட்டமன்று; 1948க்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் வைத்திருந்த 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமே, இடித்துக் கட்டும் ஆசையை மறைமுகமாகத் தடுத்தது. 1997இல் அது நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் வாடகைகள் முழுதும் கட்டவிழ்ந்ததும் அந்த அரண் சரிந்தது.

இதன் பின்விளைவைக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் தெளிவாகக் காணலாம். 1880களில் நகரைச் செங்கல்லால் மீண்டும் கட்டுவதற்குச் சூளைகள் எரிந்த இவ்வட்டாரம் பின்னர் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பானது. அதன் பழைய இரயில்வே நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டதும் மனைவிலை விண்ணைத் தொட்டது. இங்குள்ள துன் சம்பந்தன் சாலையில், முகப்பில் சுவாமி விவேகானந்தரின் சிலையுடன் நிற்கும் விவேகானந்தா ஆசிரமம், 1904இல் இலங்கைத் தமிழர் முயற்சியில் தோன்றிய அமைப்பு. 2014இல் அதன் வளாகத்தில் 23 மாடிக் குடியிருப்பு எழுப்பும் திட்டம் வெளியானபோது, பழைய கட்டடம் இடிக்கப்படாது என்பது அறங்காவலர் தரப்பின் விளக்கமாக இருந்தது. ஆனால் எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டிய மக்கள் கட்டடத்தை மட்டும் கேட்கவில்லை. அது மூச்சுவிடும் முற்றத்தையும் வானத்தையும் சேர்த்தே கேட்டார்கள், அந்தக் கேட்பு முற்றிலும் நியாயமானது. கோபுரத்தின் காலடியில் ஒடுங்கிய ஆசிரமம் ஓர் அலங்காரத் துண்டாகவே எஞ்சியிருக்கும். ஆசிரமத்தை மரபுடைமையாக அரசிதழில் அறிவிக்கும் நடவடிக்கையில் மத்திய அரசின் அமைச்சு இறங்கியது. அதற்கு முன் உரிமையாளருக்கு 60 நாள் அறிவிப்பு தந்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும் என்பது சட்டத்தின் விதி.

கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாதலால் இங்கே மத்திய அரசின் சொல் நேரடியாகச் செல்லும். கிள்ளானில் ராஜா மகாடி கோட்டை அமைந்த குன்று போன்ற இடங்களோ சிலாங்கூர் மாநிலத்துக்குள் இருக்கின்றன. மரபுப் பாதுகாப்பு 2005இல் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் சேர்க்கப்பட்டாலும், நிலம் மாநிலத்தின் அதிகாரமாகவே நீடிப்பதால், அங்கே ஓரிடத்தை மரபுத் தளமாக அறிவிக்க மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும். பத்துமலையின் அருகே 29 மாடிக் கட்டடத்துக்கு 2012இல் கடும் எதிர்ப்பு எழுந்தபோதும், திட்டத்தைத் தடுத்து நிறுத்தியது மரபுடைமைச் சட்டமன்று, சிலாங்கூர் மாநில அரசுதான்.