திரும்பி வரும் கணவன்: ‘அவர்கள்’ படத்தை முன்வைத்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1955ஆம் ஆண்டில்தான் இந்து திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ‘கணவனே கண் கண்ட தெய்வம்’ என்ற திரைப்படம் வெளியானதும் அதே ஆண்டில்தான். திருமணம் முறிக்கத்தக்கது என்று சட்டப் புத்தகம் ஒப்புக்கொண்டபோது, திரையரங்கு வாசலில் கணவன் தெய்வமாகவே இருந்தான். சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கான மணமுறிவுச் சட்டம் 1949லேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த இடைவெளி இன்னும் துலக்கமாகும். கொடுமைக்கார கணவனிடம் சிக்கிய பெண் எப்படி வெளியேறுவாள் என்ற கேள்வியைத் தமிழ்த் திரை நெடுங்காலம் சட்டத்திடம் கொண்டுசெல்லவில்லை. நோயோ, மரணமோ, கணவனின் மனமாற்றமோதான் அதற்கு விடை சொல்லின.

விதிவிலக்கென்று சொல்லத்தக்கது ‘ரத்தக்கண்ணீர்’ (1954). திருவாரூர் கே. தங்கராசுவின் நாடகத்திலிருந்து கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய இப்படத்தில், மனைவி சந்திராவை இழிவுபடுத்திவந்த மோகனசுந்தரம் நோயுற்று வீழ்ந்தபின், தன் நண்பனையே அவளுக்கு மணமுடித்துவைக்கிறான். அன்றைக்கு இது பெரும் துணிச்சல். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்திராவுக்கு விடுதலையை வழங்குபவன் அவளை வதைத்தவனேதான். அவள் கேட்டுப் பெற்றதல்ல அது.

இந்தப் பின்னணியில்தான் கே. பாலசந்தரின் ‘அவர்கள்’ (1977) தன் முழு முக்கியத்துவத்தைப் பெறுகிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொடுமை என்பது பிரிந்து வாழ்வதற்கான காரணமாக மட்டுமே இருந்தது. மணமுறிவுக்கு அது நேரடியான காரணம் ஆகவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருத்தமே கொடுமையை மணமுறிவுக்குரிய காரணமாக்கியது. இருவரும் ஒத்துப் பிரியும் வழியும் அப்போதுதான் திறந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ‘அவர்கள்’ வெளியாயிற்று. படம் சட்டத்திற்கு எதிர்வினையாக எடுக்கப்பட்டது என்று நான் வாதிட வரவில்லை. சமூகம் ஒரு கேள்வியை உரக்கக் கேட்கத் தொடங்கும் காலத்தில் கலையும் அதையே வேறு மொழியில் கேட்கும் என்றுதான் சொல்கிறேன்.

கதை பலரும் அறிந்ததே. அனு (சுஜாதா) பரணியைக் (ரவிகுமார்) காதலித்தவள். சூழ்நிலை அவளை ராமநாதனுக்கு (ரஜினிகாந்த்) மனைவியாக்குகிறது. அவளுடைய பழைய காதலை அறிந்தே மணந்தவன் அவன். அந்த அறிவே அவன் கையில் ஆயுதமாகிறது. ராமநாதன் முந்தைய படங்களின் குடிகாரக் கணவனல்லன். நன்கு உடுத்துகிறான், நிதானமாகப் பேசுகிறான், சிரிக்கிறான். ஐயமும் கிண்டலும் கண்காணிப்புமே அவனுடைய வதைமுறைகள். காயத்தைக் காட்டி நியாயம் கேட்க முடியாத கொடுமை இது. தமிழில் அதுவரை ‘வதை’ என்றால் அடியும் உதையுமே காட்சியாயின. அடிக்காமலே ஒருத்தியின் மூச்சை நிறுத்தலாம் என்பதை இப்படம் அன்றைய பெருந்திரள் பார்வையாளர்முன் வைத்தது.

அனு மணமுறிவு பெறுகிறாள். கைக்குழந்தையோடு சென்னைக்கு வந்து வேலையில் சேர்கிறாள். வேறொருவராக இருந்தால் படத்தை இங்கே முடித்திருக்கக்கூடும். பாலசந்தரின் மெய்யான விசாரணை இங்கேதான் ஆரம்பமாகிறது. ராமநாதன் அவளுடைய அலுவலகத்துக்கே மேலதிகாரியாக வருகிறான். பிறகு திருந்தியவனாக அவள் வாழ்வுக்குள் நுழைகிறான். குழந்தையின் தகப்பன் என்ற உரிமையும், மனம் வருந்துபவனை மன்னிக்க வேண்டும் என்ற நம் பண்பாட்டுக் கட்டளையும் அவனுக்குத் துணை நிற்கின்றன. நீதிமன்றம் அறுத்த கட்டை உறவுமுறை மறுபடி முடிச்சிடப் பார்க்கிறது. அவனுக்கு இன்னொரு மனைவி இருப்பது தெரியவரும்போது, அந்த வருத்தம் எத்தகையது என்பதும் விளங்கிவிடுகிறது.

திரும்பி வரும் கணவன் பாலசந்தருக்குப் புதியவனல்லன். ‘அபூர்வ ராகங்கள்’ (1975) படத்தில் பைரவியின் கணவனாக ரஜினிகாந்த் அறிமுகமான காட்சியை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெளிக்கதவைத் திறந்துகொண்டு அவன் உள்ளே வருகிறான். பெரிதாக எதுவும் செய்யாமலே, வந்து நிற்பதனாலேயே, ஒரு பெண் தனக்கென அமைத்துக்கொள்ளப் பார்த்த வாழ்வு குலைந்துபோகிறது. ஈராண்டுகள் கழித்து அதே நடிகரைக் கொண்டு அதே வருகையைப் பாலசந்தர் மறுபடி எழுதினார். இம்முறை மரணத்தைத் துணைக்கழைக்கவில்லை. அவனை எதிர்கொள்ளும் பொறுப்பை அந்தப் பெண்ணிடமே விட்டார்.

படத்தின் இறுதியில் அனு குழந்தையோடு இரயிலேறிப் போய்விடுகிறாள். பழைய காதலன், மாஜி கணவன், பொம்மையின் வாய்வழி மட்டுமே தன் அன்பைச் சொல்லத் தெரிந்த ஜானி (கமல்ஹாசன்) ஆகிய மூவருமே அவளுக்குத் துணையாகவில்லை. உடன் வருபவள் ராமநாதனின் தாய் (லீலாவதி). முன்பே மருமகள் வீட்டில் வேலைக்காரியாக வந்து பேரக்குழந்தையைப் பார்த்துக்கொண்டவள். மாமியார் என்றாலே கொடுமை என்று பழகிய திரையில், மகனை விட்டு மருமகளோடு போகும் இந்த முதியவளுக்கு முன்னோடிகள் அரிது.

இதில் எனக்கொரு மனக்குறை உண்டு. 1954இல் சந்திராவுக்குக் கிடைத்த மறுமணம் 1977இல் அனுவுக்குக் கிடைக்கவில்லை. ஜானியை அவள் ஏற்றிருந்தால் பார்வையாளர் ஏற்றிருப்பார்களா? இயக்குநர் அந்தச் சோதனையைச் செய்து பார்க்கவில்லை. மணம் முறித்தவளுக்குத் தனிமைதான் கண்ணியம் என்ற பழைய நியதி அந்த இரயில் பெட்டியிலும் ஓர் ஓரமாக அமர்ந்திருக்கிறது. எனினும் சந்திராவின் மறுமணம் கணவன் கொடுத்தது. அனுவின் தனிமை அவள் தேர்ந்தது. இவ்விரண்டில் எது முன்னேற்றம் என்று எளிதில் தீர்ப்புச் சொல்ல என்னால் இயலவில்லை.

ஈராண்டுகள் கழித்து வந்த மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) இதன் மறுபக்கம். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யைத் தூண்டுதலாகக் கொண்ட அப்படத்தில், சுந்தரவடிவேலுவின் மனைவி லட்சுமிக்கு வெளியேறும் வழியே இல்லை. ஊர் அவனை அறியும், அஞ்சி வாளாவிருக்கும். அவள் இறந்த பிறகே அது திரண்டெழுகிறது. அனுவுக்குச் சம்பளம் இருந்தது, நகரம் இருந்தது, நீதிமன்றம் இருந்தது. லட்சுமிக்கு இருந்தது பிறந்த வீடு மட்டுமே. இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு, பொறுமை என்று நாம் போற்றிய குணத்தின் பொருளாதார அடிப்படை புலப்படும்.

1983இல் மனைவிக்கு இழைக்கும் கொடுமை தண்டனைக்குரிய குற்றமாயிற்று. மனத்துக்கு இழைக்கும் தீங்கும் அதில் அடக்கம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லாலும் உணர்வாலும் நிகழ்த்தும் வதையை வன்முறை என்றே பெயரிட்டது. அவள் பணிபுரியும் இடத்துக்குள் அவன் நுழையக் கூடாது என்று நடுவர் ஆணையிடவும் அச்சட்டம் இடம் தருகிறது. அனுவின் அலுவலகத்துக்குள் ராமநாதன் புன்னகையோடு நடந்துவந்து அப்போது இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.